கரிசலில் புதைத்த புகை

திருச்சுழிப் பக்கம் ஆடி பிறந்தால் மேல்காற்று. வெள்ளத்துரையின் கரிமூட்டம் எங்கள் வீட்டுக்கு நேர் மேற்கே. அப்புறம் கேட்பானேன்? சீமைக்கருவேலம் வெந்து கரியாகிற புகையெல்லாம் என் மகள் ஷீலாவின் நெஞ்சுக்குள்தான். ஏற்கெனவே இளைப்புக்காரப் பிள்ளை. வெள்ளத்துரையோ பால்ய சிநேகிதன். மூட்டத்தை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பில்லை. சண்டை போடவும் மனசு வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

தொண்ணூற்றேழில் என் மைத்துனன் ஜெபக்குமார் வந்தான். தூத்துக்குடியில் அனல்மின் நிலையத்து ஃபிட்டர்.

"மச்சான், வெளிநாட்டுல நிலக்கரிப் பொகையவே பிடிச்சு பூமிக்குள்ள பொதைக்கப் போறாகளாம். எஞ்சினியரு சொன்னாரு. இந்தச் சுண்டைக்காய் மூட்டத்துக்கு உங்க பாழுங்கெணறு போதாதா?"

வெள்ளத்துரையும் சரியென்றான். மூட்டத்திலிருந்து கிணற்றுக்குத் தகரக் குழாய்; புகையைத் தள்ள, கொல்லன் பட்டறையில் இரவல் வாங்கிய கைக்காற்றாடி. கிணற்று வாயில் தகரத்தைப் போட்டு மண் குழைத்துப் பூசினோம். ஜெபக்குமார் காற்றாடியைச் சுற்றச் சுற்ற, வானம் தெளிந்தது. என் மனைவி அற்புதமேரி "ஸ்தோத்திரம்" என்றாள். ஷீலா முற்றத்துக்கு விளையாட வந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது.

நாங்கள் மூடியது கிணற்று வாயை மட்டும்தான். ஆடியில் கரிசல் மண் முழங்கால் ஆழத்துக்குப் பிளந்து கிடப்பது மூன்று புத்திசாலிகளுக்கும் மறந்துபோயிற்று. கொஞ்ச நேரத்தில் காடெங்கும் வெடிப்பு வெடிப்பாகப் புகை கிளம்பியது. ஒன்றை மண்ணள்ளி அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று. முற்றத்திலும் வெடிப்புதான். ஷீலா அங்கேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் ஓடியது வெள்ளத்துரை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் பாய்ந்து, வந்த பஸ்ஸை மறித்தான். திருச்சுழி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அவளுக்கு மூச்சு சீரான பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் வெள்ளத்துரை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏலே தாவீது, பொகைதான, பழகிரும்னு இருந்துட்டேன். தோள்ல போட்டு ஓடுறப்ப அவ நெஞ்சுக்குள்ள விசிலு ஊதுச்சுலே, என் காதுலயே. இனி மூட்டம் போடமாட்டேன்."

"வயித்துப்பாட்டுக்கு?"

"கருவைய வேரோட பிடுங்கிட்டு கொத்தமல்லி வெதைக்கப் போறேன்."

ஜெபக்குமார் விடவில்லை. "நல்ல பூமியாப் பாத்துச் சோதிச்சுப் பொதைச்சா நிக்கும்ணே."

"நல்லாச் சோதிச்சுட்டு வாங்க தம்பி. அதுவரைக்கும் நான் பத்தவைக்கல."

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. தை மாதம் மல்லிக்காட்டு வரப்பில் ஷீலா ஓடினாள். விரட்டிப் பிடிக்க முடியாமல் மூச்சு வாங்க நின்றது வெள்ளத்துரைதான்.