எட்டாவது படம்

படத்தைப் போட்டது நான்தான். அதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என் காதுக்குள் ஓத வேண்டாம்.

என் பெயர் சயந்தினி, வீடு நாரந்தனையில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கையும் அப்படித்தான். என் தங்கை கஜாலினி நேர் எதிர். காலில் ஏறி உழக்கினாலும் 'பரவாயில்லை' என்று சொல்லுகிறவள். அந்தப் படத்துக்கு மூன்று கிழமைக்கு முன் வலது மணிக்கட்டு முறிந்து, கட்டுப்போட்ட கையும் ஒரு பையுமாக என் வாசல் படலையில் வந்து நின்றாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொன்னாள். எனக்குச் சொன்னது வேறு. அவளுடைய புருஷன் ரஜீபன் அவளின் கையைக் கதவு நிலையில் வைத்துப் பிடித்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தியிருக்கிறான். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். தேத்தண்ணி ஆறிப்போச்சாம்.

"அம்மாவுக்குச் சொல்லாதை அக்கா. சத்தியம் பண்ணு," என்றாள். நானும் ஒரு விசரி, பண்ணினேன்.

அதனால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. மகளுக்கும் மருமகனுக்கும் சின்ன மனஸ்தாபம், நாலு நாளில் சரிவரும் என்றுதான் சுருவில் ஊரில், தன் வீட்டில் இருந்துகொண்டு நினைத்தார். ரஜீபன் லேசுப்பட்டவன் இல்லை. ஒன்றைவிட்ட ஒருநாள் வாழைப்பழச் சீப்போடு அம்மாவிடம் போய் 'மாமி, மாமி' என்று உருகுவான். என் வீட்டுக்கு ஒரேயொரு தரம்தான், அவள் வந்த அன்றைக்கே வந்தான். நான் பனைமட்டையோடு படலையில் நின்று, "உள்ளுக்கு ஒரு கால் வைச்சியோ, மற்றக் காலோடைதான் திரும்பிப் போவாய்," என்றேன். அவன் கத்தவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, "கஜா எப்பவும் வீட்டுக்குள்ளையே இருக்க மாட்டாதானே மச்சாள். வெளியிலை வருவா. அண்டைக்குப் பாப்பம்," என்று சிரித்தான்.

அதைக் கேட்டதிலிருந்து கஜாலினி அறையை விட்டு வெளியே வரவில்லை. இருபத்தொரு நாள். தலை வாரி இழுக்கிறதும் இல்லை, சாப்பாடும் இல்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில்தான் நெடுந்தீவில் ஓர் இளைஞர் கழகம் செல்பிப் பாதை போட்டிருப்பதைப் பேஸ்புக்கில் கண்டேன். வழிகாட்டி கிடையாது. எட்டு இடத்தில் எட்டுப் பலகை, ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். பலகைக்கு முன்னால் நிலத்தில் வெள்ளைப் பெயின்றில் இரண்டு பாதம். அதில் ஏறி நின்று போனைத் தூக்கினால் முதுகுக்குப் பின்னால் பெருக்கமரமோ கோட்டையோ அளவாக வந்து விழும். ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் நாமாகவே பார்த்துப் போக வேண்டியதுதான். நடுவில் இத்தனை பெரிய கடல் இருக்கிறது, அவன் எங்கே வரப்போகிறான் என்று நினைத்தேன்.

"வாறன்," என்றாள் கஜாலினி. "ஆனால் என்னைப் படம் எடுக்காதை. நான் சிரிச்சுக்கொண்டு திரியிறதைக் கண்டான் எண்டால் சாகடிச்சுப் போடுவான்."

"ஓம், ஓம்," என்றேன்.

காலைப் படகில் போய் மாவிலித்துறையில் இறங்கினோம். முதலாவது பலகை அந்தத் துறையிலேயே இருந்தது. நான் ஏறி நின்று பல்லைக் காட்டி ஒரு படம் எடுத்து எங்கள் குடும்பக் குழுவில் போட்டேன். செத்துப்போன அப்பாவின் பெயரில் 'பரராசசிங்கம் குடும்பம்' என்று ஒரு வட்ஸ்அப் குழு. ரொறன்ரோ, பாரிஸ், லண்டன், சுருவில் என்று எண்பத்து மூன்று பேர். படம் போடாமல் இருக்க என்னால் ஏலாது. அது என் வியாதி. கஜாலினி எடுபடவில்லை என்றுதான் நினைத்தேன். படத்தின் இடது மூலையில் ஒரு கட்டுப்போட்ட கை மட்டும் விழுந்திருந்ததை என் குருட்டுக் கண் பார்க்கவில்லை.

பாரிஸில் இருக்கிற றஞ்சனிச் சித்தி பார்த்துவிட்டார். 'கஜாவும் வந்திருக்கிறாள் போல. சந்தோசம்!' என்று எழுதி நாலு பூவும் போட்டிருந்தார். அங்கே சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். படம் போடுகிற அவசரத்தில் நான் அதை வாசிக்கவில்லை. அம்மா வாசித்தார். அந்த நேரம் பார்த்து வாழைப்பழச் சீப்போடு படியேறியவனுக்கு அம்மாவே போனை நீட்டிக் காட்டினார். காட்டியது மட்டுமா? மீன்குழம்பும் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் தன்னுடைய நாலு தட்டுக் கரியரில் அடைத்து, "நீங்களும் அடுத்த படகிலை போங்கோ மருமகன். கடற்கரைக் காத்திலை இருந்து சாப்பிட்டால் கோபம் போயிடும். வரேக்கை சோடியா வாங்கோ," என்று அனுப்பிவைத்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. தெரியாமல் நாங்கள் இலக்கம் இலக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

துறையில் நின்ற முருகேசு அண்ணையின் ஓட்டோவைப் பிடித்தோம். அந்த மனுசனுக்குச் சரித்திரம் ஒன்றும் தெரியாது, "படம் எடுத்தாச்சோ?" என்று மட்டும்தான் கேட்பார். பவளக்கல் வேலி இரண்டு, குதிரை மேயும் வெளி மூன்று, வளருகிற கல் நாலு. ஐந்தாவது பெருக்கமரம். அதன் பொந்துக்குள் நான் புகுந்து வெளியே வர முடியாமல் இடுப்பில் இறுகி நிற்க, முருகேசு அண்ணை, "கழகத்துக்குப் போன் அடிச்சுச் சொல்லுறன், ஒன்பதாவது பலகையை இதிலை நடட்டும்," என்றார். கஜாலினி வெடித்துச் சிரித்தாள். இருபத்தொரு நாளுக்குப் பிறகு! எனக்கு அழுகை வந்துவிட்டது. பாறையில் பதிந்த பெரிய பாதம் ஆறு, புறாக்கூட்டுக் கோபுரம் ஏழு. ஒவ்வொரு படமும் சுடச்சுடக் குழுவுக்குப் போனது, அங்கேயிருந்து அம்மாவின் கையால் மருமகனின் போனுக்கும். ஏழு வரைக்கும் வந்தவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு மூளையும் வேண்டாம்.

எட்டாவது இடம் கோட்டை. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், முருகைக்கல் என்கிற பவளக்கல்லில் கட்டி முக்கால்வாசி விழுந்துபோன சுவர்கள். முருகேசு அண்ணை ஆஸ்பத்திரி வாசல் நிழலில் ஓட்டோவை விட்டார். கஜாலினி முன்னால் போனாள். நான் போனைத் தட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். அவள் நின்றுவிட்டாள். அவளுடைய முதுகைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது.

வெள்ளைப் பாதங்களுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் ரஜீபன் இருந்தான். காலடியில் அம்மாவின் கரியர்.

"வாரும் கஜா," என்றான். "மாமி சாப்பாடு தந்துவிட்டவ. இதிலை இரும், சாப்பிடுவம்."

"எழும்படா," என்று நான் கத்தினேன். அவன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கரியரைத் திறந்து ஒவ்வொரு தட்டாகக் கல்லில் பரப்பினான். மீன்குழம்பு மணந்தது. அம்மாவின் கைமணம்.

"எனக்குப் பசிக்கேல்லை," என்றாள் கஜாலினி.

"மாமி விடிய எழும்பி வைச்ச கறி. சாப்பிடும் எண்டு சொல்லுறன்."

"வேண்டாம்."

அவன் ஒரு தட்டை மற்றத் தட்டின் மேல் வைத்து, கம்பியைப் பூட்டி, ஆறுதலாக எழும்பினான். "ஊரெல்லாம் பல்லைக் காட்டித் திரிய உனக்கு ஏலுது. புருசனோடை இருந்து ஒரு வாய் தின்ன ஏலாதோ?" என்றான். 'நீர்' போய் 'நீ' வந்ததும் கஜாலினி இரண்டு கையாலும் தலையைப் பொத்தினாள். பழகிப்போன கை, தானாகப் போனது.

அவன் அந்தக் கட்டுப்போட்ட மணிக்கட்டை எட்டிப் பிடித்து முறுக்கினான். அவள் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் கிடக்கிறது. நான் பாய்ந்து அவனுடைய தலைமயிரைப் பிடித்தேன். முழங்கையால் ஒன்று தந்தான். உதடு கிழிந்து, பல் ஒன்று ஆட, நான் குப்புற விழுந்தேன். நிமிர்ந்தபோது கரியரைப் பிடியில் தூக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தான். நாலு தட்டும் சாப்பாடும் சேர்ந்த பாரம். முதல் அடி கஜாலினியின் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது புருவத்தில். கரியர் வாய் பிளந்து புட்டும் குழம்பும் அவள் முகமெல்லாம் வழிந்தன. எது குழம்பு, எது இரத்தம் என்று தெரியவில்லை. அவள் சுவரோடு சரிந்து இருந்துவிட்டாள். அவன் மூன்றாவது தரம் ஓங்கினான்.

கல் என் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது. சுவரில் ஆடிக்கொண்டிருந்த முருகைக்கல், தேங்காய் அளவு, முழுக்க முள். அவனுடைய தலைக்குத்தான் ஓங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். திரும்பினான், தோளில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. கரியர் கையை விட்டுப் போக, "அம்மா!" என்று முழங்காலில் விழுந்தான். நல்லாய்க் கூப்பிடு உன் அம்மாவை என்று நினைத்தேன். அவனுடைய வலது கை நிலத்தில், வெள்ளைப் பாதங்களுக்கு மேல் ஊன்றியிருந்தது. கதவைச் சாத்திய கை. அந்த மணிக்கட்டில் கல்லைப் போட்டேன். ஒன்று. தூக்கி இன்னொன்று. மூன்றாவது வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் மூன்றாவதும் போட்டேன். கோபத்தில் கண் தெரியாமல் அடித்தேன் என்று சொன்னால் எனக்கு வசதிதான். ஆனால் எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. எண்ணித்தான் அடித்தேன்.

"காணும் அக்கா, விடு," என்றாள் கஜாலினி சுவரடியில் இருந்து. "காணும்."

நாலாவதற்குத் தூக்கிய கல்லைக் கீழே போட்டேன். சத்தம் கேட்டு ஓடிவந்த முருகேசு அண்ணை அவனைப் பிடரியில் அமத்திப் பிடித்துக்கொண்டார். அவனும் எழும்பும் நிலையில் இல்லை.

ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்ததால், கரியரையும் கல்லையும் நான் தூக்கிக்கொள்ள, நடந்தே போனோம். கஜாலினியின் புருவத்துக்கு ஏழு தையல், கன்ன எலும்பில் வெடிப்பு. அவன் மறைப்புக்கு அங்காலை முனகிக்கொண்டு கிடந்தான். வாக்குமூலம் எழுத வந்த பொலிஸ்காரர் மேசையில் இருந்த கல்லைப் பார்த்துவிட்டு முதல் கேள்வியாக, "இது கோட்டைச் சுவரிலை இருந்து எடுத்ததோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. கொண்டுபோய்த் திருப்பி வைச்சு விடுறன். என்ரை தங்கச்சியின்ரை கன்ன எலும்பை ஆர் திருப்பி வைக்கிறது?" என்றேன். அவர் பேனையை மூடிவிட்டு, பிறகு திறந்து எழுதத் தொடங்கினார். நல்ல மனுசன். என் மேலும் வழக்கு வரும் என்று மரியாதையாகச் சொன்னார். வரட்டும்.

இரண்டரை மணிப் படகு எங்களை விட்டுப் போய்விட்டது. அதுதான் கடைசிப் படகு. போனுக்குச் சிக்னல் வர, காலையில் இருந்து வாசிக்காமல் கிடந்ததெல்லாம் ஒன்றாய் வந்து கொட்டியது. அம்மாவுக்குப் போனில் எழுத வராது, குரலில்தான் அனுப்புவார். "மருமகன் வந்து சேர்ந்தவரோ? எல்லாரும் சாப்பிட்டனீங்களோ? கரியரை வடிவாக் கழுவிக் கொண்டு வாங்கோ, மீன் மணக்கும்." அதற்குக் கீழே றஞ்சனிச் சித்தி: 'எட்டாவது படம் எங்கை? சோடியாய் நிண்டு எடுத்துப் போடுங்கோ!'

கஜாலினி எல்லாவற்றையும் கேட்டாள், வாசித்தாள். ஒரு கண் மூடிப்போய் இருந்தது, மற்றக் கண்ணால்.

"கரியரை எடு அக்கா. போனையும் தா," என்றாள்.

"என்னத்துக்கடி?"

"எட்டாவது படம் இன்னும் போடேல்லைத்தானே."

ஜன்னலுக்கு வெளியே கோட்டைச் சுவர் தெரிந்தது. அவள் எழும்பி அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். இடது கையால் போனைத் தூக்கினாள். என்னைப் பக்கத்தில் இழுத்து, கரியரைத் தன் கன்னத்தோடு பிடிக்கச் சொன்னாள். நாலு தட்டும் நெளிந்து, விளிம்பில் இரத்தமும் மயிரும் ஒட்டிக் கிடந்தன. அடித்தட்டில் அம்மா ஆணியால் கீறிய 'மீனாம்பிகை' என்ற பெயர் வெளியே தெரியும்படி தானே திருப்பிவிட்டாள். நாள் முழுக்கப் படத்துக்கு ஒளித்தவள், இந்த முகத்தோடு நேரே பார்த்துக்கொண்டு எடுத்தாள். குழுவில் போட்டாள். கீழே ஒரு வரி எழுதினாள்: 'நான் கிணத்தடியிலை விழேல்லை.'

பார்த்தவர்களின் தொகை ஏறிக்கொண்டே போனது. இருபது, நாற்பது, அறுபது. ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. பூப் போடுகிற சித்தியும் இல்லை. எனக்கு அந்த எண்பத்து மூன்று பேரையும் வரிசையில் விட்டு அறைய வேண்டும் போல இருந்தது. கை சும்மா இருக்க முடியாமல் கரியரை எடுத்துக்கொண்டு வெளியே பைப்படிக்குப் போனேன். அம்மா கழுவிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாரே, பழக்கதோஷம். தண்ணீரைத் திறந்துவிட்டுத் தட்டைப் பிடிக்கப் போக, கஜாலினி போனைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். அம்மாவின் குரல் இரண்டு துண்டாக வந்திருந்தது.

முதலாவதில் ஒன்றும் இல்லை. சுருவில் வளவுக் காகம் கத்துகிற சத்தமும் அம்மா மூச்சு விடுகிற சத்தமும்தான். இரண்டாவதை அழுத்தினாள்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் நெடுந்தீவுப் படகில் வைத்து ஆட்களை வெட்டிக் கொன்றபோது அம்மாவின் உயிர்ச் சிநேகிதியும் அதில் போனவர். அதற்குப் பிறகு இன்று வரைக்கும் அம்மா இந்தக் கடலில் ஒரு படகிலும் கால் வைத்ததில்லை. கடலுக்கு அங்காலை நடந்த கலியாணம், செத்தவீடு ஒன்றுக்கும் போகவில்லை.

"கரியரைக் கழுவாதேங்கோ பிள்ளையள்," என்றது குரல். "அப்பிடியே பொலிசிட்டைக் குடுங்கோ. என்ரை கரியர்தான், நான்தான் குடுத்துவிட்டனான் எண்டு நான் வந்து சொல்லுறன். விடியப் படகுக்கு வாறன்."

நான் பைப்பைப் பூட்டினேன்.