அடித்தல் திருத்தல் இல்லாத ஆறு

அளவுக்காரி காலை ஆறு மணிக்கு நோட்டில் என்ன எழுதுகிறாளோ, மதியத்துக்குள் ஆறு அந்த அளவுக்கு வந்து நின்றுவிடும். முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் நடந்தது. படித்துறையின் கடைசிப் படியை ஒட்டி, தண்ணீருக்குள் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு கம்பம் உண்டு. அதன் பாசியைத் துணியால் துடைத்து, அடியும் அங்குலமும் பார்த்து, ஆபீஸ் கொடுத்த நோட்டில் எழுதுவது அவள் வேலை. நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சேர்ந்த மூன்றாம் வாரம், தூக்கக் கலக்கத்தில், நாலடி இரண்டு அங்குலத்தை நாலடி மூன்று என்று எழுதிவிட்டாள். அடிக்கவும் முடியாது, விடவும் மனமில்லை. சாப்பாடு இறங்காமல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு ஆறு மெல்ல ஏறி மூன்றைத் தொட்டு நின்றது. மலையில் அன்று ஒரு பொட்டு மழையில்லை.

"ஏங்க, ஆறு எனக்காக ஏறுச்சுங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அவர் படகுக்காரர். "எனக்காக ஒரு நாள் இறங்கச் சொல்லு, படகுக்குத் தார் பூசணும்" என்றார். கரையில் பயறு போட்டிருந்த நாத்தனாருக்கும் விஷயம் போயிற்று. "அண்ணி சொன்னா ஆறே கேக்குது. எங்க அண்ணன்தான் எதையும் காதுல போட்டுக்க மாட்டேங்கிறாரு." சிரித்து முடித்த பிறகு ஊருக்கு அது பழகிவிட்டது. துணி துவைக்க வருகிறவர்கள் கூட, "அக்கா, ரெண்டு அங்குலம் கூட்டித்தான் எழுதுங்களேன்" என்று கேட்டுப் பார்ப்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் எழுதியதில்லை. ஆனால் தினமும் ஓர் அங்குலம் மட்டும் கூட்டி எழுதினாள், பிள்ளையின் உயரத்தைச் சுவரில் கோடு போடும்போது தலைக்குக் கொஞ்சம் மேலே பென்சிலை வைக்கிற தாய் மாதிரி. ஆறும் ஏறிக் காட்டிவிட்டு, மறுநாள் விடிவதற்குள் தன் அளவுக்குத் திரும்பிவிடும். புகழ்ந்தால் யாருக்குத்தான் பிடிக்காது, பெருமைக்காக ஏறுகிறது என்றுதான் அவள் நினைத்தாள். அவள் நினைப்பில் இருந்த தப்பு அது ஒன்றுதான்.

அந்த ஆறு பிறக்கும் இடத்திலிருந்து கடல் சேரும் வரை அதன் குறுக்கே ஒரு கல்லைக்கூட யாரும் வைத்ததில்லை. முப்பத்தோராவது வருஷம் பெரிய இன்ஜினியர் வந்து படகுக் கொட்டகையில் வரைபடத்தை விரித்தார். மலைக்கு அடியில் சுரங்கம் வெட்டி, ஆற்றை மொத்தமாக அந்தப் பக்கம் திருப்பி, நாலு நகரங்களுக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். இங்கே தேவைக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு ஆதாரமாக, பைண்டு செய்த முப்பத்தோரு நோட்டுகளை மேஜையில் அடுக்கினார். எல்லாவற்றிலும் அளவுக்காரியின் கையெழுத்து. "எவ்வளவு உபரி?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். "தினம் சராசரியா ஓர் அங்குலம்" என்றார் இன்ஜினியர். அளவுக்காரி எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர் எட்டு மாதம் சாலையில் உட்கார்ந்தது. மனுக்கள் போயின, திரும்பி வந்தன, சில திரும்பியும் வரவில்லை. கடைசியில் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர்தான் காதோடு காதாகச் சொன்னார்: "மூணு மாசம் சேர்ந்தாப்பல ஓர் அடிக்குக் கீழ இருந்தா, திட்டத்தைக் கைவிடணும்னு விதி இருக்கும்மா." மறுநாளிலிருந்து அவள் குறைத்து எழுத ஆரம்பித்தாள். புகழ்ந்தால் ஏறுகிற ஆறு, பழித்தால் ஏன் இறங்கப்போகிறது, அது பாட்டுக்கு ஓடும் என்பது அவள் கணக்கு. ஆற்றுக்கோ பெருமையும் தெரியாது, சிறுமையும் தெரியாது. அவளைப் பொய்க்காரியாக்கக் கூடாது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஏறினால் மறுநாள் திரும்பிவிடுகிற ஆறு, இறங்கிய பிறகு திரும்பவில்லை. இரண்டடி என்று எழுதினாள், இரண்டடியானது. முக்காலடி என்று எழுதினாள், படகு மணலில் தட்டியது. "போதும், நிறுத்து" என்றார் படகுக்காரர். "அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டுங்க. அப்புறம் ஒரேயடியா ஏத்தி எழுதிடறேன்" என்றாள். மூன்று மாதம் புருஷன் முகத்தைப் பார்க்காமல் எழுதினாள்.

மூன்று மாதம் முடிந்த அன்று இன்ஜினியர் குடையோடு வந்தார். கணுக்கால் அளவு தண்ணீர், ஓரத்தில் மூச்சு வாங்கும் மீன்கள். ஷூவைக் கழற்றாமலே அக்கரை போய்த் திரும்பினார். "ஃபைலை மூட வெறும் நம்பர் போதாதும்மா. 'இங்கே நீர் இல்லை, இனி வராது'ன்னு உங்க கையால ஒரு வரி வேணும். அதுக்கப்புறம் யாரும் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டாங்க."

"எழுதாதே" என்றார் படகுக்காரர். "நம்பர் வேற, வார்த்தை வேற."

"நாளைக்குக் காலையில அஞ்சடின்னு எழுதிடுவேங்க. ஒரே ஒரு ராத்திரிதான்."

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். இன்ஜினியர் குடையை மடக்கி ஜீப்பில் ஏறுவதற்குள் கணுக்கால் தண்ணீரும் போய்விட்டது.

சுரங்கம் வெட்டப்படவில்லை. திட்டம் கைவிடப்பட்டதாகக் கடிதமே வந்தது. அவள் மறுநாள் ஐந்தடி என்று எழுதினாள். மதியம் வரை ஊரே கரையில் நின்றது, மணல்தான் காய்ந்தது. முந்தின பக்கத்து வரியை அடிக்கக் கூடாதென்று அவளுக்கும் தெரியும், ஆற்றுக்கும் தெரியும். எல்லோரும் கலைந்த பிறகு, அக்கரையில் விறகு பொறுக்கப் போயிருந்த நாத்தனார் மணலில் நடந்து திரும்பி வந்தாள். கழுத்து வரை நனைந்து, விறகிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அண்ணி, அங்க தண்ணியே இல்ல அண்ணி. நான் எப்படி நனைஞ்சேன்?" படகுக்காரர் தங்கையின் துணி முனையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். இனி வராது என்றும் எழுதியாயிற்று, ஐந்தடி என்றும் எழுதியாயிற்று; இரண்டில் எதையும் பொய்யாக்காமல் ஆறு தன்னால் ஆனதைச் செய்திருந்தது.

மீன்கள் போயின, சத்தம் போயிற்று, படகைக் கவிழ்த்துப் போட்டார்கள். சாயங்காலம் மணலைத் தாண்டிப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகிற பிள்ளைகள் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்து, கரையில் உடுப்பு மாற்றினார்கள். எத்தனை ஆழம் தோண்டியும் ஒரு குடம் தண்ணீர் கிடைக்கவில்லை. ஆனால் மதியத்துக்குப் பிறகு கடந்து வருகிறவர்கள் உடுத்தியதைப் பிழிந்தால் பாத்திக்கு ஒரு கை தண்ணீர் கிடைத்தது. எல்லோரையும்விட அதிகம் கடப்பவள் அளவுக்காரி. காலையில் ஐந்தடி என்று எழுதிவைத்துவிட்டு, மதியத்திலிருந்து பொழுது சாயும் வரை போவாள், வருவாள், நாத்தனாரின் பயற்றுச் செடிகளில் பிழிவாள். படகுக்காரர் உலர்ந்த துண்டோடு கரையில் நிற்பார்.

"போதும், வா. உடம்பு நடுங்குது பாரு."

"இன்னும் ஒரு நடைங்க" என்று அவள் மணலில் இறங்கினாள். நடு ஆற்றுக்கு வந்ததும், குள்ளமானவள் என்பதால், முகவாயை உயர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.