பார்லி ஏன் பூட்ஸை நனைத்தது

முதல் பனி விழுந்த வாரம் தொடங்கியது இந்தக் கூத்து. மண் தொட்டியைத் தவிர வேறெங்கும் ஒண்ணுக்குப் போகத் தெரியாத பூனை பார்லி, வர்னாவின் புருஷன் லைல் வேலையிலிருந்து வந்து கழற்றிப்போட்ட பூட்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றது. வாலை விறைத்து நடுக்கி, சர்ரென்று பீய்ச்சிவிட்டுப் போனது.

"உன் பூனைக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு வர்னா," என்றான் லைல்.

மறுநாள் அவன் கோட்டு. அதற்கடுத்து வாசல் கதவு. கனடாவின் சாஸ்கடூன் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வர்னா, ஓட்டி முடித்து வந்ததும் முழங்காலில் உட்கார்ந்து தரையைத் தேய்ப்பாள். லைல் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைத் தாண்டிப் போவான்.

கால்நடை மருத்துவர் நடீன் எல்லாம் சோதித்துப் பார்த்தார். "வியாதி ஒண்ணுமில்ல. வேற ஒரு பூனை தன் இடத்துக்குள்ள நுழைஞ்சிடுச்சுன்னு நெனைக்குது. அதான் இது என் வீடுன்னு எழுதி வைக்குது. அக்கம்பக்கத்துல புதுசா பூனை ஏதாவது வருதா?"

பக்கத்து வீட்டு ஓரஸ்டிடம் ஒரு பூனை இருந்தது. வர்னா நேரே போய் அவர் வாசலில் நின்று கத்தித் தீர்த்தாள். கிழவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "என் பூனை கால் ஒடைஞ்சு உள்ள கெடக்கும்மா. வெளிய வந்து மாசக்கணக்காச்சு," என்றார். அவள் கூனிக் குறுகிப் போனாள். லைல் பக்கத்தில்தான் நின்றான், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு.

ஜனவரியில் அவன் முடிவாகச் சொன்னான்: "என் தங்கச்சி பண்ணைக்கு அனுப்பிடலாம். மாட்டுக் கொட்டகையில கெடக்கட்டும்."

"இந்தக் குளிர்லயா? செத்துரும்."

"அப்ப நான் நாத்தத்துல சாவணுமா?"

வேறு வழி தெரியாமல் வர்னா சரி என்றாள். சனிக்கிழமை கொண்டுபோவதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை லைல் கைபேசியை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான். காலைப் பேருந்து ஓட்டம் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு அவனுடைய டயர் கடைக்குப் போனாள். முன்னால் யாரும் இல்லை. பின் அறையிலிருந்து அவன் குரல் கொஞ்சுவது கேட்டது.

"சாப்பிடு ராஜா. இன்னும் கொஞ்சம்."

குந்தி உட்கார்ந்து தன் சாண்ட்விச்சிலிருந்து கோழித் துண்டைப் பிய்த்து நீட்டிக்கொண்டிருந்தான். காது கிழிந்த ஒரு செம்பட்டைக் கடுவன் பூனை அதை விழுங்கிவிட்டு, அவனுடைய பூட்ஸில் கன்னத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தது. ஆணியில் தொங்க வேண்டிய அவன் கோட்டு, தரையில் அதற்குப் படுக்கையாக விரிந்திருந்தது.

வர்னா அறை வாசலில் வந்து நின்றாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

லைல் திடுக்கிட்டு எழுந்தான். "குளிருக்கு ஒரு வண்டி எஞ்சினுக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு. வெளிய தள்ள மனசு வரல."

"எப்போலேர்ந்துன்னு கேட்டேன்."

"முதல் பனியிலேர்ந்து."

"டாக்டர் சொன்னத வீட்டுக்கு வந்து உன்கிட்ட ஒரு வார்த்தை விடாம சொன்னேன். எந்தப் பூனையோட வாடைன்னு அப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஓரஸ்ட் வாசல்ல என்னைக் கத்தவிட்டு வேடிக்கை பாத்திருக்க."

அவன் மிச்ச சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றினான்.

"ரெண்டாவதா ஒரு குட்டி கொண்டாரேன்னு நான் கெஞ்சினப்ப, வீட்டுக்கு ஒரு பூனை போதும்னு குதிச்ச ஆளு நீ."

"அதனாலதான் சொல்லக் கூசுச்சு."

"உன் கூச்சத்துக்கு என் பூனை கொட்டகையில வெறச்சுச் சாவணுமா?"

கைபேசியை மேசைமேல் எறிந்துவிட்டு வெளியேறினாள்.

மாலையில் அவன் வந்தபோது வாசல் கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்தே சொன்னாள்: "பூட்ஸும் கோட்டும் கார் ஷெட்டுல. அங்கேயே கையக் கழுவு, துணி மாத்து. அப்புறம் உள்ள வா." அவன் பனிக் காற்றில் ஷெட்டுக்குப் போனான். அதற்கு முன்பே அவள் பூனை மூத்திர வாடையை முறிக்கும் திரவத்தைக் கதவுமேல் தெளித்திருந்தாள். பாக்கித் தரையை அவனே தேய்த்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் ஓரம் பாக்கி என்று காட்டினாள். மறுநாள் ஓரஸ்டிடம் போய் மன்னிப்புக் கேட்டவனும் அவன்தான்.

பிப்ரவரி முடிவதற்குள் பார்லி பீய்ச்சுவதை விட்டது. வர்னாவின் கோபம் அவ்வளவு லேசில் விடவில்லை. அவன் உப்பு கேட்டால் உப்பைத் தள்ளுவாள், அவ்வளவுதான்.

ஒரு காலை, பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கதவருகே நின்றாள்.

"அதுக்குக் காயடிச்சாச்சா?"

"யாருக்கு?" என்றான், காப்பியைக் கீழே வைத்து.

"உன் ராஜாவுக்கு."

"இன்னும் இல்ல."

"காயடிச்சா அந்த வாடை கொறையுமாம். நடீன்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நீயே கூட்டிட்டுப் போ. எனக்கு அத இன்னொரு தடவ பாக்க வேணாம்," என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.