பொதுக்காலத்தின் இருபத்தைந்தாம் ஞாயிறு

நற்செய்தியை வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது, முன்வரிசைப் பாயில் அமர்ந்திருந்த தைலம்மாள் தன்னைப் பார்க்காமல் தன் மனைவி அமிர்தத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை உபதேசியார் சவேரிநாதன் கண்டார். வாசகத்தின் பொருள் அப்போதுதான் அவருக்கு முழுமையாக விளங்கியது. திராட்சைத் தோட்டத்து வீட்டுத்தலைவர், விடியலில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். அமிர்தமோ, அந்தக் காலனியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போகும் பெண்களில் எப்போதும் கடைசியாகக் கொல்லை நிலத்துக்கு வந்து சேர்பவள். கோயிலைப் பெருக்கி, விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, மணியடித்துவிட்டு அவள் வருவதற்குள் மற்றவர்கள் பாதி வரிசையைப் பிடுங்கி முடித்திருப்பார்கள். ஆளுக்கு இரண்டு சால், அதாவது இரண்டு வரிசைச் செடி, என்பது வழக்கம். ஒருத்தி பின்தங்கினால் அவளுடைய செடிகளையும் மற்றவர்களே பிடுங்கிக் கரையேற்றியாக வேண்டும். இல்லையேல் அடுத்த மடக்கு வரிசைகளுக்குப் போக முடியாது. கூட்டத்துக்குத் தலைவியான தைலம்மாள் முதல் நாள் மாலைதான் அமிர்தத்திடம், திங்கட்கிழமையும் தாமதித்தால் இனிக் கூட்டத்தில் அவளுக்குச் சால் இல்லை என்று தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

சவேரிநாதனுக்கு இது முதல் சொந்தப் பிரசங்கம். பங்குச் சாமியார் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளுக்கான பிரசங்கம் தட்டச்சு செய்யப்பட்டு, சனிக்கிழமை பஸ்ஸில் நடத்துனர் கையில் உறையாக வந்து சேரும். பதினோரு ஆண்டுகளாக அதை ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்து வந்தவர் அவர். அடைப்புக்குறிக்குள் இருந்த ‘இங்கே சற்று நிறுத்தவும்’ என்பதையும் உரத்து வாசித்துவிட்டு நிறுத்தியவர். அந்த வாரம் உறை வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் வியாழக்கிழமை முதல் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. காலனிக்கு எதிரே கிடந்த மரத்தை வெட்டியவர்களில், அந்த மல்லாட்டைக் கொல்லைக்குச் சொந்தக்காரரான நாராயணசாமியும் ஒருவர்.

வேறு வழியின்றி அவர் தொண்டையைக் கனைத்தார். “திராட்சத் தோட்டம்னா இன்னான்னு நமக்குத் தெரியாது. நம்ம மல்லாட்டக் கொல்லைன்னு வெச்சிக்குங்க. ஒருத்தி லேட்டா வர்றா...”

“ஒருத்தின்னு ஏன் சுத்தறீங்க, உபதேசியாரே? பேரச் சொல்லுங்க” என்றாள் தைலம்மாள்.

“யார் பேரும் இல்ல தைலம்மா. கடவுளோட எரக்கத்தப் பத்தி...”

“அப்போ காலையிலேர்ந்து வெயில்ல குனிஞ்சவ இன்னா கேனச்சியா?”

மீட்பின் வரலாறு முழுவதையும் எதிர்த்து எழக்கூடிய கேள்வி அது; உறையில் வந்த எந்தப் பிரசங்கத்திலும் அதற்கு விடை இருந்ததாக அவருக்கு நினைவில்லை. “இது நான் பொறுக்கின வாசகம் இல்லம்மா. காலண்டர்ல போட்டிருக்குது” என்றார்.

“அந்தக் காலண்டரு உங்க வூட்டுச் செவுத்துலதானே தொங்குது? சர்ட்டிபிகேட்டுல பாவாடை, கோயில்ல சவேரிநாதன். ரெண்டு பேரு வெச்சிக்கினு இருக்கறவருக்கு ரெண்டு வாசகம் வெச்சிக்கத் தெரியாதா?”

“எனக்கு ரெண்டுன்னா உனக்கு ஒண்ணா, தெரேசம்மா?”

கோயில் முழுவதும் சிரித்தது. திருமுழுக்குப் பெயரைச் சொன்னால் அரசாங்கச் சலுகை கிடைக்காது என்பதால் அங்கிருந்த எல்லோருக்கும் பெயர் இரண்டுதான். அமிர்தம் மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆசீருக்கு முன்பே எழுந்து வெளியேறினாள்.

திங்கட்கிழமை அவள் பெருக்கவில்லை, விளக்கேற்றவில்லை. கோழி கூவும் முன்பே புறப்படும்போது, “மணிய நீங்களே அடிச்சிக்குங்க” என்று மட்டும் சொன்னாள். சவேரிநாதன் அடித்தார். தாளம் தவறிய அந்த மணியைக் கேட்டுச் சாவு விழுந்துவிட்டதென்று காலனியே கோயில் முன் கூடிவிட்டது. செத்தவர் எவருமில்லை என்று அவர் நிரூபித்து முடிப்பதற்குள் போலீஸ் வேன் வந்து புளியமரத்தருகே நின்றது. அதன்பின் சாலையைக் கடக்க ஒருவரையும் விடவில்லை. தைலம்மாளும் கூட்டமும் கையைப் பிசைந்துகொண்டு இப்புறமே நின்றார்கள். கொல்லை சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வேன் போனபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. கஞ்சித் தூக்கோடு சவேரிநாதனும் பெண்களின் பின்னால் ஓடினார். கொல்லையில் அமிர்தம் தன்னந்தனியாக எட்டுச் சால் செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தாள். வேர்கள் மேல்நோக்கியிருக்க, காய்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. நாராயணசாமி, மரம் வெட்டியவர்களைப் போலீஸ் தேடுகிறது என்ற பயத்தில், விடியலிலிருந்து மோட்டார் கொட்டகைக்குள் குந்தியிருந்தார். வெளியே போய் ஆள் அழைக்க முடியாத வீட்டுத்தலைவர்!

“இவ்ளோ லேட்டா வந்தா எப்படிம்மா?” என்று கொட்டகைக்குள்ளிருந்து கிசுகிசுத்தார்.

“மரத்த வெட்டிப் போட்டது நீங்கதானேங்க?” என்றாள் தைலம்மாள்.

“சத்தம் போடாதம்மா, ரோட்டுக்குக் கேக்கும். எல்லாருக்கும் முழுக்கூலி. வாய மூடிக்கினு புடுங்குங்க, போதும்.”

அமிர்தம் நிமிர்ந்தாள். இடுப்பில் கைவைத்து, கொட்டகையையும் கூட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். “அப்போ காலையிலேர்ந்து வெயில்ல குனிஞ்சவ இன்னா கேனச்சியா?”

தைலம்மாள் மெதுவாகத் திரும்பினாள். “கேட்டீங்களா உபதேசியாரே? உங்க வூட்டுக்காரி நற்செய்திக்கே எதிர்ப்பேச்சு பேசுறா. கொஞ்சம் பிரசங்கம் வையுங்க.”

சவேரிநாதன் வாயைத் திறந்தார். ‘இங்கே சற்று நிறுத்தவும்’ என்பதைத் தவிர வேறொரு வாக்கியமும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. நிறுத்திக்கொண்டார். அமிர்தம் அவர் கையிலிருந்த தூக்கைப் பிடுங்கிக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்து, யாரையும் பாராமல் கஞ்சியைக் குடித்தாள். பெண்கள் புடவையைச் செருகிக்கொண்டு வரிசையில் குனிந்தார்கள். மண் கிழியும் ஓசையோடு செடிகள் பெயர்ந்து வந்தன. இருபுறமும் கொல்லை மளமளவென்று சிவந்துகொண்டே போனது. தைலம்மாளுக்கு வலப்பக்கத்தில் ஓர் ஆளுக்கு உரிய இரண்டு சால் மட்டும், எவரும் கைவைக்காமல், கரை வரைக்கும் பச்சையாக நின்றன.