மீன் என்று எழுதிய சுவிட்ச்

1

இந்தக் கதை ஒரு சுவிட்சில் பிறந்தது. என் அக்கா வீட்டுச் சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் மூன்று சுவிட்சுகளில் நடுவில் உள்ளது. அதன்மேல் வெள்ளை டேப் ஒட்டி, அத்தான் நீலப் பேனாவால் 'மீன்' என்று எழுதியிருந்தார். பிற்பாடு அதற்குக் கீழே இன்னொரு துண்டு டேப் ஒட்டி, 'அணைக்கக் கூடாது' என்றும் எழுதினார். அதற்குப் பிறகும் அதை அணைத்தது யார் என்பதுதான் கதை.

மர்மக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். விடையை மூன்றாம் பகுதியிலேயே சொல்லிவிடுவேன். அதைச் சொல்லத்தான் எனக்கு நான்கு வருஷம் பிடித்திருக்கிறது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "குளத்தில் தண்ணீர் தெளிந்திருந்தது. அதில் வானம்—"

அடித்துவிட்டேன். குளம் என்றதும் நீங்கள் பெரிதாக எண்ணிக்கொள்வீர்கள். பின்பக்கத் தோட்டத்தில் ஒரு கட்டில் அகலக் குழி, உள்ளே கறுப்பு ரப்பர் விரிப்பு, கரையில் கற்கள், ஏழு மீன்கள். அதில் வானம் தெரியாது, பாசிதான் தெரியும்.

இரண்டாவது வரைவு: "அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊராரை மேலே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கீழே—"

இதுவும் வேண்டாம். அத்தான் லிஃப்ட் மெக்கானிக் என்பது உண்மை. ஆனால் அவர் தொழிலை நான் உவமையாக்குவது அவருக்குப் பிடிக்காது. "லிஃப்ட்னா லிஃப்ட்தான்மா. அதுல என்ன தத்துவம்?" என்பார்.

2

நடந்ததை நடந்தபடியே சொல்லிப் பார்க்கிறேன்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ள நான் மூட்டை முடிச்சோடு போய்ச் சேர்ந்தேன். படுத்தபடியே மீன் பார்க்கட்டும் என்று, அத்தான் அவள் கட்டிலைப் பின்னறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்.

தண்ணீர் பச்சையாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் அக்கா கேட்டாள்: "மீனு இருக்கா, இல்ல எல்லாம் போயிடுச்சா? ஒண்ணுமே தெரியலையே."

அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் இரண்டு நீல டிரம்களோடு வந்து இறங்கினார்.

கடையில் விற்கிற வடிகட்டி எதுவும் அவருக்குச் சரிப்படவில்லை. "அதெல்லாம் பொம்மை. நானே செய்யறேன்." டிரம்களில் ஓட்டை போட்டார். முதல் டிரம்மில் மெத்தைக் கடையில் வாங்கிய ஸ்பாஞ்ச். அழுக்கு அதில் நிற்கும். இரண்டாவதில், வெங்காய வலைப்பைகளில் உடைத்த ஓட்டுத் துண்டுகளும், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் நூற்றுக்கணக்கிலும். குளத்தின் அடியில் ஒரு சிறிய மோட்டார். அது தண்ணீரை முதல் டிரம்முக்குத் தள்ளும், அங்கிருந்து இரண்டாவதற்கு, அதன்பின் ஒரு குழாய் வழியாகத் திரும்பக் குளத்தில் விழும்.

(அந்தக் குழாயின் வாய், சரியாக அக்காவின் ஜன்னலுக்குக் கீழே இருந்தது. விழுகிற தண்ணீரும் அவள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே அங்கே வைத்தார்.)

மூன்று இடத்தில் ஒழுகியது. பசை வைத்தார், மறுபடி ஒழுகியது, கழற்றிப் பூட்டினார். தண்ணீர் ஒழுங்காகச் சுற்றி வந்து விழுந்தபோது, ஈரச் சட்டையோடு ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். அக்கா கைதட்டினாள். கை ஒன்றோடொன்று படும் அளவுக்குத்தான் தெம்பு. சத்தம் வரவில்லை.

வளர்ப்பு மீன் கடைக்காரர் அவருக்கு ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தார். "நார்ல, ஓட்டுல எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கிருமி வளரும் சார். நல்ல கிருமி. மீன் கழிவைச் சாப்பிடறது அதுதான். அது வளர நாலஞ்சு வாரம் ஆகும். தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். நாலு மணி நேரம் நின்னுச்சுன்னா அது செத்து, டிரம்முக்குள்ள தண்ணி அழுகிடும். திரும்ப மோட்டார் போட்டீங்கன்னா அந்த விஷம் முழுக்கக் குளத்துக்கு."

இரண்டாவது டேப் ஒட்டப்பட்டது அன்றைக்குத்தான்.

3

முதல் வரைவில் மின்வெட்டு வந்தது. பகல் முழுக்க மின்சாரம் போய், மோட்டார் நின்று, மீன்கள் செத்தன. யார் மேலும் பழி இல்லை. படித்துப் பார்த்தேன், கதை செத்த மீன் மாதிரியே கிடந்தது.

இரண்டாவது வரைவில் கூலிக்கு ஒரு நர்ஸை வரவழைத்தேன். சிடுமூஞ்சி. சத்தம் தாங்காமல் அவள் சுவிட்சை அணைத்தாள். அந்த நர்ஸை வெறுக்க எனக்குச் சுலபமாக இருந்தது. எட்டுப் பக்கம் அவளைத் திட்டி எழுதினேன். பிறகு கண்ணாடி முன்னால் நின்று தலைவாரும்போது, நானே வெட்கப்பட்டு அவளை வேலையிலிருந்து நிறுத்தினேன்.

நர்ஸ் இல்லை. நான்தான்.

மாத்திரை போட்டதும் பகல் பத்து மணிவாக்கில் அக்காவுக்குக் கண் சொருகும். வலி கொஞ்சம் விட்டிருக்கும் நேரம் அது ஒன்றுதான். சொருகியதும் திடுக்கிட்டு விழிப்பாள். "குழாயை யாரோ மூடாம விட்டிருக்காங்க, போய்ப் பாருடி." மீன் குளத்துத் தண்ணீர் என்று சொல்வேன். "ஆமாம்ல" என்பாள். பத்து நிமிஷத்தில் மறுபடியும்: "குழாய் ஓடுதுடி." ஆயுள் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் வீணாக்காத பெண், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் அவளால் தூங்க முடியாது.

"அத்தான்கிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம். சத்தம்னு சொல்லிடாத. எனக்காக எவ்ளோ ஆசையா செஞ்சாரு. மனசு ஒடஞ்சு போயிடுவாரு."

நான் சமையலறைக்குப் போய் அணைத்தேன். அக்கா ஆறு மணி நேரம் தூங்கினாள். வாரக்கணக்கில் அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. அத்தான் ஆறு மணிக்கு வருவார். ஐந்து மணிக்கே போட்டுவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

கடைக்காரர் சொன்னது எனக்குத் தெரியாது என்று எழுதினால் நம்புவீர்கள். தெரியும். அத்தான் சோற்றைப் பிசைந்தபடி அத்தனையும் விளக்கிச் சொன்னார்; நான்தான் எதிரில் உட்கார்ந்து 'ம்' கொட்டினேன். மீனா அக்காவா என்று வந்தால் யாரைச் சொல்வீர்கள்? மீன் சாகட்டும் என்றுதான் நினைத்தேன். அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. என் கணக்கில் அத்தானைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

4

முதல் மீன் மிதந்த அன்று அவர் வடிகட்டியைப் பிரித்தார்.

வேலைவிட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே டிரம்மிடம் போவார். முன்பெல்லாம் வந்தவுடன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அன்று எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு என்னென்ன கத்தினார்கள் என்று நடித்துக் காட்டுவார். அது நின்றுபோனது. நாரைக் கொட்டிக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுவார். குழாய்த் தண்ணீர் பட்டால் கிருமி செத்துவிடுமாம். திரும்ப அடுக்குவார். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு, அது எவ்வளவு பச்சையாகிறது என்று பார்த்து நோட்டில் குறிப்பார். பச்சை ஏற ஏற விஷம்.

"என்னங்க, உள்ள வாங்களேன்" என்று அக்கா ஜன்னல் வழியாகக் கூப்பிடுவாள்.

"இதோ, இதை மட்டும் முடிச்சுட்டு."

மூன்றாவது மீனும் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நோட்டோடு என்னிடம் வந்தார். அவர் வீட்டில் இருக்கும் நாளில் நான் சுவிட்சைத் தொடமாட்டேன்.

"இங்க பாரேன். ஞாயித்துக்கிழமைன்னா தண்ணி கொஞ்சம் தேறுது. திங்கள்லேர்ந்து மறுபடி மோசம். நான் வீட்ல இருந்தா நல்லாத்தான் இருக்கு, பாத்தியா?"

சிரித்தார். நானும்—

(இந்த வாக்கியத்தைப் பதினோரு தடவை எழுதிப் பார்த்தேன். 'நானும் சிரித்தேன்' என்பதுதான் அது.)

5

மூன்றாவது வரைவில் இந்த இடத்தில் அக்கா பேசுகிறாள்:

"எனக்குத் தெரியும்டி நீ அணைக்கிறது. இருக்கட்டும். பக்கத்துல உக்காந்தா அவரு அழுதுடுவாரு. கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் அவருக்கு."

நல்ல வசனம். நண்பர் ஒருவர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதையை எல்லாப் பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்திவிடுகிறது: அணைத்தது தப்பில்லை, சொல்லாததும் தப்பில்லை, அவர் வெளியே இருந்ததும் அவள் விருப்பம்தான்.

அக்கா அப்படிச் சொல்லவில்லை. நான் எழுதினேன். அவள் சொன்னதெல்லாம் "உள்ள வாங்களேன்" மட்டும்தான்.

6

ஐந்து மீன்கள் போய்விட்டிருந்தன. அன்று வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறரை. வடிகட்டியை மூன்றாவது தடவையாக அடியோடு பிரித்துப் போட்டிருந்தார். அக்காவின் மூச்சு மாறியது. இழுத்து, நின்று, ஞாபகம் வந்தாற்போல் மறுபடி இழுத்தது.

"அத்தான், வாங்க!"

"இதோ வந்துட்டேன். வால்வைத் திறந்து வச்சிருக்கேன், விட்டா குளமே காலியாயிடும்."

"அத்தான்!"

வந்தார். முழங்கைவரை சேறு. தொடுவதற்கு முன் கையைப் பனியனில் துடைத்தார். அதற்குள் உயிர் போய்விட்டது. நான் முதலில் கூப்பிட்டதிலிருந்து இரண்டு நிமிஷம் இருக்கும். அதற்கு மேல் இல்லை. துடைத்த கையோடு நின்றபடியே, "தண்ணி ஏதாவது கேட்டாளா?" என்றார்.

7

நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். மூன்று மாதம் கழித்துப் போனபோது குளம் கண்ணாடிபோல் இருந்தது. மிஞ்சிய இரண்டு மீன்களும் கொழுத்திருந்தன.

"அதே டிரம்மு, அதே நாரு. ஒண்ணுமே மாத்தலம்மா. இப்ப மட்டும் எப்படி?" என்றார். பிறகு, "தெறிச்சுத் தெறிச்சுச் சுவரு ஊறுதுன்னு ஒரு வளைஞ்ச எல்போ குழாய் மட்டும் போட்டேன். இதோ, குழாய் வாயைத் தண்ணிக்குள்ள திருப்பி விட்டுட்டேன். பத்து நிமிஷ வேலை. சத்தமே இல்ல பாரு."

இல்லை. கொஞ்சம்கூட இல்லை. அக்காவின் ஜன்னல் திறந்திருந்தது.

ஆக, நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அக்கா தூங்கியிருப்பாள். அவர் உள்ளே இருந்திருப்பார்.

"அப்ப நான் என்னதாம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார்.

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் நான் சொல்லிவிடுகிறேன். அவர் என்னை அடிக்கக் கை ஓங்கி, பிறகு அழுகிறார். இன்னொன்றில் அவர், "எனக்கு முன்பே தெரியும்" என்கிறார். மூன்றாவதில்தான் நிஜமாக நடந்தது இருக்கிறது. "புது வடிகட்டி பழக நாளாகும்ல அத்தான்" என்றேன். "அப்படித்தான் இருக்கும்" என்றார். முகம் அதை ஏற்கவில்லை. டீ போட உள்ளே போனார்.

8

கதை இங்கே முடியவில்லை. முடிக்க எனக்குத் தைரியமும் இல்லை.

அத்தான் கதை படிப்பதில்லை. இது அச்சானாலும் அவர் கைக்குப் போகாது. ஆனால் கேட்பதை அவர் இன்னும் விடவில்லை. சனிக்கிழமை காலைகளில் வளர்ப்பு மீன் கடை வாசலில் நிற்பார். ஒல்லியான மனிதர், நகக்கண்ணில் கிரீஸ், தீவனப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கியிருப்பார். மீன் வாங்க வருகிற யாரானாலும் சரி, கொஞ்சம் தயங்கிவிட்டுப் பேச்சுக் கொடுப்பார். உங்களிடமும் வருவார். டிரம்மை விளக்குவார், நாரை விளக்குவார், ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்வார். அக்காவைப் பற்றிக் கடைசியில்தான் சொல்வார், ஒரே வரியில்.

அப்புறம் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பார்:

"எதனாலங்க ஆயிருக்கும்? உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். அவர் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறார்.