சீமாட்டியின் கறவை

புதைத்த மறுநாள் காலை சீமாட்டி ஒன்பது லிட்டர் பால் கறந்தது. கொழுப்பு நான்கு புள்ளி இரண்டு. கொட்டகையில் அதன் இடம் காலியாகத்தான் கிடந்தது. ஆறு மணிக்கு இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியதும், அந்த இடத்துக்குரிய நான்கு கறவைக் குவளைகளும் மடி இருக்கும் உயரத்துக்கு எழும்பி, காற்றைக் கவ்விக்கொண்டு நின்றன. கண்ணாடிக் குழாய் வெள்ளையாயிற்று.

மாட்டுக்காரர் முன்பு பேருந்தில் வேலை பார்த்தவர். ஊருக்கு இன்னமும் கண்டக்டர்தான். ஆறு மாடுகளையும் கையால் கறந்து கறந்து மனைவியின் விரல்கள் மரத்துப்போயின. சோற்றைப் பிசையக்கூட முடியாமல் அவள் கரண்டியால் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் அவர் இயந்திரம் வாங்கினார். கூடவே ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கழுத்துப்பட்டை வந்தது. சூடு, நடை, அசைபோடும் நேரம் எல்லாவற்றையும் அது அவருடைய போனுக்குச் சொல்லும். நலமென்றால் பச்சை, நோயென்றால் சிவப்பு.

“சீமாட்டி நேத்துலேர்ந்து அசை போடலைங்க. காது சில்லுன்னு இருக்கு. டாக்டரைக் கூப்பிடுங்க” என்று அது சாவதற்கு இரண்டு நாள் முன்பே சொன்னாள் மனைவி.

“போன்ல பச்சையாத்தானே காட்டுது. மரத்துப்போன கைக்கு என்ன தெரியும்?”

மூன்றாம் நாள் சீமாட்டி செத்தது. அப்போதும் பச்சைதான். கண்டக்டர் யாரையும் கூப்பிடாமல் தானே குழி வெட்டினார். அந்த வாரம் முழுக்க மனைவியின் முகத்தை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கம்பெனிப் பொறியாளர் வந்து ஒரு முழுக் கறவையையும் நின்று பார்த்தார். திருகாணிகளைச் சரிபார்த்தார், பாலை ருசித்தார். “மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார்” என்றார். “மாடு செத்ததுதான் கணக்குல வரல.” சீமாட்டியின் பெயரை நீக்கப் பார்த்தார், கறக்கிற மாட்டை நீக்க முடியாது என்று திரை மறுத்துவிட்டது.

பிறகு ஒரே வருடத்தில் நான்கு மாடுகள் படுத்தன. மனைவி காதைத் தொட்டுச் சொல்ல, கண்டக்டர் இப்போது போனைப் பார்க்காமல் டாக்டரிடம் ஓடினார், பலிக்கவில்லை. செத்த மாடுகளை அறுத்துப் பார்த்த டாக்டர், நோய் எதுவும் இல்லை, மடிக்குள் மட்டும் துடைத்தெடுத்ததுபோல் ஒன்றுமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பால் ஒரு சொட்டும் குறையவில்லை. காலி இடங்களில் வைத்த தீவனமும் காலையில் மீதமிருப்பதில்லை. தெருவில் மற்றக் கொட்டகைகளிலும் இப்படித்தான் ஆனது. முதலில் அலறியவர்கள் பிறகு சாணி அள்ளும் வேலை மிச்சம் என்றார்கள். அந்தப் பாலைக் குடித்த பிள்ளைகள் எப்போதும்போல் வளர்ந்தார்கள். சத்தம் போடுவதை மட்டும் குறைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக மிஞ்சியது செவலை. ஒரு காலை அதுவும் தீவனத்தில் வாய் வைக்கவில்லை. மனைவி அரிவாள்மனையைக் கொண்டுவந்து கழுத்துப்பட்டையை அறுத்தாள். விரல்களில் பிடி நிற்காமல் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை கண்டக்டர் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். மதியத்துக்குள் வண்டி பிடித்து, நாற்பது மைல் தள்ளியிருந்த அவள் தங்கை வீட்டுக்குச் செவலையை அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் ஆறு மணிக்கு ஆறாவது இடத்திலும் குவளைகள் எழும்பின. ஏழு லிட்டர். கொஞ்ச நேரத்தில் தங்கையின் போன் வந்தது.

“அக்கா, செவலை நல்லா மேயுது. வாசல்ல போறவங்களை எல்லாம் முட்ட வருது. ஆனா மடியில சொட்டுப் பால் இல்லையே, என்ன செய்ய?”

குழாயில் பால் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே, “பால் இங்க வந்துடுச்சு” என்றாள். “மாட்டை நீ வச்சுக்க.”