தூணுக்குப் பின்னால் ஒரு மேசை

என் மாமியார் நில்தா ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பொயெதோ பகுதியில் உள்ள மன்றத்தில் டாங்கோ நடனம் நடத்துகிறார். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஆண்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச் சுவரோரம், ஜோடிகள் மேடைக்கு எதிரே. யாரும் யாருடைய மேசைக்கும் போய் ஆட வருகிறாயா என்று கேட்பதில்லை. தூரத்திலிருந்து பார்ப்பார்கள். சம்மதம் என்றால் தலை அசையும். இல்லையென்றால் கண் வேறு பக்கம் திரும்பிவிடும். ஆகவே நல்ல மேசை என்றால் பார்வை படுகிற மேசை. நில்தாவுக்குப் பிடிக்காதவர்களுக்கென்று கழிப்பறைக் கதவருகே, தூணுக்குப் பின்னால் ஒரு மேசை இருக்கிறது.

என் மனைவி ஆயெலேன் இறந்த பிறகும் எனக்கு ஜோடிகள் பக்கத்தில்தான் இடம். அங்கே உட்கார்ந்திருப்பவனை எந்தப் பெண்ணும் பார்க்கமாட்டாள். அது வசதியாக இருந்தது. போன குளிர்காலத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் கீழே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். அழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நில்தாவுக்காக வந்து உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமைப் பயிற்சி வேறு மாதிரி. அதே கூடம்தான், ஆனால் குழல்விளக்கு எரியும், சிலர் ஓட்டக் காலணியோடு வருவார்கள். நில்தா வருவதில்லை. அங்கே ஆண் ஆணோடு ஆடினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

“என்னடா, சிமெண்ட் மூட்டை மாதிரி நிக்கிற?” என்றான் எசேகியேல். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மன்றத்தில் அவனைவிட நன்றாக ஆடுகிறவர்கள் குறைவு.

“எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல.”

“அப்ப நீ போகாத. நான் கூட்டிட்டுப் போறேன், நீ சும்மா வா.”

நான் தயங்கினேன். பயிற்சிக்குத் தவறாமல் வரும் கிழவர் அன்செல்மோ நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். “கூச்சப்படாதப்பா! பொம்பளையத் தொட விடறதுக்கு முன்னாடி எங்களை வருஷக்கணக்கா பொம்பளையா ஆட வெச்சாங்க. கசாப்புக் கடைக்காரன் ஒருத்தன் என்னைத்தான் புடிச்சுக்குவான். அந்தக் கொழுப்பு நாத்தம் இன்னும் மூக்குல நிக்குது.”

“அவன்கூட ஞாயித்துக்கிழமையும் ஆடினீங்களா?” என்றான் எசேகியேல்.

“வாயக் கழுவு. ஞாயித்துக்கிழமை வேற.”

“நாத்தம் ஒண்ணுதானே?”

அன்செல்மோ இருமல் வரும்வரை சிரித்தார்.

எசேகியேல் என் முதுகில் கையை வைத்தான். நான் கண்ணை மூடினேன். எங்கே போகிறோம் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டு நின்றபோதுதான் தெரிந்தது, அவ்வளவு நேரமும் ஆயெலேன் என் நினைவில் இல்லை. வாசலுக்குப் போய் நின்றேன்.

மறுவாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும். அவன்மேல் எனக்கு ஆசை எதுவும் இல்லை. இருந்திருந்தால் விளக்குவது சுலபம். அவன் வீட்டில் அவனுக்குத் துணையாகச் சாவுல் என்று ஒருவன் இருக்கிறான். டாங்கோ என்றாலே கொட்டாவி விடுவான், கால்பந்துதான் பார்ப்பான். நான் அங்கே போனது மறப்பதற்கு. வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் ஒவ்வொரு முறையும் அதற்காக என்னை வெறுத்தேன். வியாழன் வந்தால் காலணியை எடுத்து வைத்தேன்.

ஒரு நாள் காலணியைக் கழற்றிக்கொண்டே அவன் சொன்னான். “ஞாயித்துக்கிழமை எனக்குப் பொறந்தநாள். நீயும் வா.”

எங்கள் மன்றத்தில் பிறந்தநாள்காரரை நடுவில் நிறுத்தி ஒரு வால்ஸ் பாட்டு போடுவார்கள். ஒவ்வொருவராக வந்து கொஞ்சம் ஆடிவிட்டு அடுத்தவருக்கு விட வேண்டும். ஆண் என்றால் பெண்கள் வரிசையில் நிற்பார்கள்.

“நில்தா இருப்பாங்கடா.”

“ஒரே ஒரு சுத்து. எத்தனை வருஷமா அந்தத் தரையத் தேய்க்கறேன்? ஒரு ஆம்பளையோட அதுல ஒரு அடி வெச்சதில்ல. சாவுல் வரமாட்டான். உன்னைத்தான் கேக்க முடியும்.”

“வரேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நில்தா என்னை வாசலிலேயே நிறுத்தினார். ஆயெலேனின் முத்துத் தோடு அவர் காதில் இருந்தது.

“தாமியான், மறைக்காம சொல்லு. அந்த எசேகியேல் உன்னைத் தொந்தரவு பண்றானா?”

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க. வியாழக்கிழமையானா உன்னைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு விடறதில்லையாம். இன்னிக்கி எல்லார் முன்னாடியும் உன்னை இழுக்கப்போறானாம். பொண்டாட்டிய பறிகொடுத்துட்டு பிரமை புடிச்சு நிக்கறவன்கிட்டயா அவன் வேலையக் காட்டறது? வெக்கமா இல்ல அவனுக்கு?”

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் போகிறேன் என்றும் சொல்ல வேண்டும். அங்கேதான் உங்கள் மகளை மறக்கிறேன் என்று அந்தத் தோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

“விடுங்க அத்தை” என்றேன்.

அவர் என் கன்னத்தைத் தட்டினார். “நான் பாத்துக்கறேன்.”

எசேகியேல் புதுச் சட்டையில், ஒரு பெட்டி இனிப்போடு வந்தான். நில்தா அவனைத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார். அவன் ஏதோ வேடிக்கையாகச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. பாட்டுகள் போயின. பிறந்தநாள் அறிவிப்பு வரவில்லை. அவன் எழுந்து தூணின் ஓரத்தில் நின்று பார்த்தான். கழிப்பறைக்குப் போகிறவர்கள்தான் அவனைப் பார்த்தார்கள். கடைசியில் அவன் பார்வை என்னிடம் வந்தது.

நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். இந்தக் கூடத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கைகழுவும் இடத்தில் அவன் என்னைப் பிடித்தான்.

“அவங்ககிட்ட என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல.”

“அதான்.” குழாயைத் திறந்தான். “துக்கத்துல இருக்கறவனை நான் மயக்கறேனாம். வாசல்ல கோட்டு வாங்கி வெக்கற பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுது. அடுத்த வாரத்துலேர்ந்து வேற மன்றம் பாத்துக்கணுமாம். இது உன் மாமியாரே சொன்னது.”

“நான் பேசறேன்.”

“இப்பவா?” என்றான். கையைத் துடைக்காமலே போய்விட்டான்.

நில்தா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்தார். என் குரல் யாருடையதோபோல் வந்தது.

“அத்தை, அவன் என்னைத் தொந்தரவு பண்ணல. நான்தான் போறேன், ஒவ்வொரு வியாழனும். அவன் கூட்டிட்டுப் போறப்ப எனக்கு ஆயெலேன் ஞாபகம் வரதில்ல. அதுக்காகத்தான் போறேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒரு நிமிஷம்கூட மறக்கல” என்றார்.

பிறகு ஒலிவாங்கியை எடுத்து, எல்லோரிடமும் பேசும் அதே குரலில், இன்று எசேகியேலுக்குப் பிறந்தநாள் என்று அறிவித்தார். வால்ஸ் ஆரம்பித்ததும் மேடைப் பக்கம் திரும்பாமல் வெளியே போனார்.

பெண்கள் வரிசையில் நின்றார்கள். பச்சை உடை அணிந்த ஒருத்திக்குப் பின்னால் நான் போய் நின்றேன்.

“தம்பி, கழிப்பறை வரிசை அந்தப் பக்கம்!” என்றது ஆண்கள் பக்கத்துக் குரல் ஒன்று. சிரித்தார்கள். அன்செல்மோ சிரிக்கவில்லை. தன் கண்ணாடிக் குவளைக்குள் எதையோ தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார்.

என் முறை வந்தது. எசேகியேல் ஒரு கணம் தாமதித்தான். பிறகு கையை நீட்டினான். அதே கை, முதுகில் அதே இடம். நான் கண்ணை மூடவில்லை. அவன் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நில்தா திரும்பி வருகிறாரா என்று. அவன் இடப்பக்கம் திருப்பினான், நான் பிந்தினேன். அவன் காலை மிதித்தேன்.

“கண்ணை மூடு.”

“முடியல.”

இன்னும் கொஞ்ச தூரம் போனோம்.

“நீ ஆடலடா” என்றான் காதோரம். அவன் குரலில் கோபம் இல்லை. “மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்க. நான் உன்னை ஆடத்தான் கூப்பிட்டேன்.”

“எசேகியேல்...”

“வரிசையில காத்துக்கிட்டு இருக்காங்க பாரு.” என்னை மெதுவாக விட்டுவிட்டு அடுத்த பெண்ணின் கையைப் பிடித்தான். அவளோடு முதல் சுற்றிலேயே அவன் முகம் மலர்ந்தது.

நான் வெளியே போனேன். நில்தா நடைபாதையில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிரே காய்கறிக் கடைக்காரர் பெட்டிகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“ஆடினியா?”

“ஆடினேன்.”

“அவளை மறந்தியா?”

“இல்ல அத்தை.”

அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, என் கோட்டின் காலரைச் சரிசெய்தார். அவர் கை என்மேல் பட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளே எசேகியேலுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமும் அவன் வரலாமா என்று அப்போதே கேட்டிருக்கலாம். அவர் கை காலரிலிருந்து விலகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.